சங்கம் திருத்திக் கொடுத்த நமஸ்காரம்

1

ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு சந்தோஷ சமாசாரம். ஐரோப்பாவில் எல்லா தேசங்களும் ஒற்றுமையாகிவிட்டன. மாதத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சுமார் ஒரு மணி நேரம் அப்படி இருக்கிறார்கள். மீதி நேரத்தில் பழையபடி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றாலும், ஆரம்பம் என்று ஒன்று வேண்டாமா?

இந்த ஒரு மணி நேர ஒற்றுமையைத் தயார் செய்யும் இடத்தில்தான் எனக்கு உத்தியோகம். இங்கே ஒவ்வொரு தேசமும் தனக்கென்று ரேடியோ நிலையம் வைத்திருக்கிறது. எல்லையில் முள்வேலி போடலாம், சுங்கச்சாவடி போடலாம், ஆகாயத்தில் என்ன போடுவது? ஒருவன் பாட ஆரம்பித்தால் அடுத்த தேசத்தின் செய்தி கெட்டுப்போகிறது. நம் பாலாற்றங்கரையில் தோல் கிடங்குக்காரர்கள் போட்ட சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மேலண்டைக் கிடங்கு சுண்ணாம்புத் தண்ணீரைத் திறந்துவிட்டால் கீழண்டைக் கிடங்கில் ஊறுகிற தோல் பாழ். அங்கே தடியை எடுத்துக்கொண்டு போவார்கள். இங்கே சங்கம் வைத்தார்கள். யாருடைய சண்டையிலும் சேராத ஒரு தேசத்தில், ஏரிக்கரையில், ஒரு மாடி வீட்டில் சகல தேசத்து நிலையங்களும் கூடி, உனக்கு இந்த அலை, எனக்கு இந்த அலை என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். அது போக, ஒருவர் கச்சேரியை மற்றவர்கள் தொலைபேசிக் கம்பி வழியாக வாங்கித் தங்கள் ஜனங்களுக்கும் கேட்க வைப்பது என்று முடிவு செய்தார்கள். அதுதான் நான் சொன்ன ஒரு மணி நேரம்.

பங்கு போடும் அழகை நேரில் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் தோல் வியாபாரிகள் கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். முகத்தைப் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். இங்கே துண்டு கிடையாது, பச்சைத் துணி விரித்த மேஜை இருக்கிறது. மேஜைக்கு மேலே கலை, சமாதானம், மனித குலம் எல்லாம் வரும். பேரம் கீழே நடக்கும்.

போன வாரம் காரியதரிசி என்னைக் கூப்பிட்டனுப்பினார். சங்கம் நடத்திய 'குழந்தைகள் வாழ்த்து' என்ற நிகழ்ச்சிக்கு வருஷம் நிறைகிறதாம். அது மகத்தான வெற்றி என்று அறிக்கையில் ஏற்கெனவே அச்சடித்துவிட்டார்கள்.

"உங்கள் பெண்ணின் குரல் இரண்டு கண்டங்களை இணைத்தது. அதைப் பற்றி நீங்கள் கொஞ்சம் பேச வேண்டும்," என்றார்.

பேசினேன். கை தட்டினார்கள், கேக் வெட்டினார்கள். அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன். அந்த மாடி வீட்டில் எத்தனையோ பாஷைகள் நடமாடினாலும் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகையால் பயமில்லை.

2

நான் இங்கே வந்து சேர்ந்த கதையில் வீரம் ஒன்றும் இல்லை. ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இருந்தது, கிடங்கு வாசலில் பழகிய இந்துஸ்தானி இருந்தது. மேல்நாட்டில் நம் தோலை வாங்குகிறவர்கள் ஓயாமல் புகார் எழுதுகிறார்கள் என்று, அந்தப் புகாரைக் கேட்டுக்கொள்வதற்காகவே சாயபு என்னையும் என் மனைவியையும் கைக்குழந்தையையும் கப்பலேற்றினார். உலகமெங்கும் வியாபாரம் படுத்துக்கொண்டபோது நாங்கள் வந்திறங்கிய துறைமுக ஊரில் இருந்த சாயபுவின் ஏஜெண்டு கம்பெனியும் படுத்தது. புகார்களைப் பொறுமையாகக் கேட்கிற ஆள் என்று யாரோ சிபாரிசு செய்ய, சங்கத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே என் வேலை, காதில் குழாயை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கேட்பது. எந்த நிலையம் தன் அலையைவிட்டு நகர்ந்து பக்கத்து வீட்டுக்குள் நுழைகிறது என்று குறித்துக்கொடுக்க வேண்டும். குறித்துக்கொடுத்ததும் சங்கம் கடிதம் எழுதும். 'தங்கள் நிலையம் ஒருவேளை சற்றே நகர்ந்திருக்கக்கூடுமோ என்று எண்ணத் துணிகிறோம்' என்று இருக்கும். 'தங்கள் அன்புக்கு நன்றி. தங்கள் காது பழுதாகியிருக்கலாம்' என்ற தோரணையில் பதில் வரும். இரண்டையும் ஒன்றாகத் தைத்து பீரோவில் வைப்போம். அத்துடன் விஷயம் தீர்ந்தது.

இந்த உத்தியோகத்தை அந்நியர்களைப் பதிவு செய்யும் போலீஸ் ஆபீஸில் விளக்குவது பெரும்பாடு. வருஷா வருஷம் போய் நிற்க வேண்டும்.

"தொழில்?" என்று கேட்பான் அங்கே இருக்கிறவன்.

"கேட்பது."

"என்ன கேட்பது?"

"ரேடியோ."

"அதை என் மாமியாரும்தான் செய்கிறாள். அவளுக்கு யாரும் சம்பளம் தருவதில்லையே," என்பான். வருஷா வருஷம் இதே வேடிக்கையைச் சொல்வான், நானும் வருஷா வருஷம் சிரிப்பேன். அலைக்கு எல்லை கிடையாது என்று எங்கள் சங்கத்து வாசலில் பொறித்திருக்கிறது. அந்த அலையைக் கேட்கிறவனுக்கு முத்திரை மேல் முத்திரையாகக் குத்துகிறார்கள்.

இந்த ஊரில் பேசுகிற பிரெஞ்சு பாஷையில் நம்மைப் போலவே நீயும் உண்டு, நீங்களும் உண்டு. வந்த புதிதில் சங்கத்து அக்கிராசனரை நீ என்று சொல்லிவிட்டேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி வளர்க்கும் நாயை நீங்கள் என்றேன். அக்கிராசனர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாய் மட்டும் இன்றுவரை என்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறது.

3

என் மனைவி குடியாத்தத்துக்காரி. இந்த ஊர்க் குளிர் அவள் நெஞ்சில் இறங்கி, இங்கு வந்த மூன்றாவது பனிக்காலத்தில் போய்விட்டாள். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் வைத்திருக்கிறேன். இதில் கேலி செய்ய எனக்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நானும் ரஞ்சிதமும்தான். நிகழ்ச்சி நடந்தபோது அவளுக்குப் பத்து வயது. கையைவிட்டுப் போகிற குழந்தை ஒரே நாளில் போவதில்லை. முதலில் எண்ணிக்கை பிரெஞ்சில் வந்தது. பிறகு கோபம் பிரெஞ்சில் வந்தது. பிறகு தூக்கத்தில் உளறுவதும் அப்படியே ஆயிற்று. சாப்பிட்டாயா என்று தமிழில் கேட்டால் ஆமாம் என்று பிரெஞ்சில் சொல்வாள்.

"தமிழ்ல சொல்லு," என்பேன்.

"தமிழ்ல சொன்னாலும் அதே சாப்பாடுதான நைனா," என்பாள்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவுக்கு அவள் பெயர் வாயில் நுழையவில்லை. 'அந்தக் குழந்தை' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டாள். ரஞ்சிதம் இதைச் சொல்லிக் குறைப்பட்டதே இல்லை. பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டால் நல்லா இருக்குது என்பாள். நானும் நல்லா இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

ஆம்பூரில் என் அண்ணன் அதே சாயபுவிடம் சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரி. அண்ணிக்கு எழுதத் தெரியாது. அவர் பேனாவால் அண்ணி பேசுவாள்.

'தாயில்லாத பொண்ண ஒரு ஆம்பள ஒத்தையில எப்டி வளத்துடுவ? பெரிசாச்சின்னா இன்னா பண்ணுவ? இங்க நாலு பசங்களோட அஞ்சாவதா இருந்துட்டுப் போவட்டும். அனுப்பி வை.'

மாதம் தவறாமல் இதே வாசகம் வரும். நானும் மாதம் தவறாமல் பதில் எழுதுவேன். இங்கே நல்ல பள்ளிக்கூடம், நல்ல வைத்தியம், நல்ல பால் என்று எழுதுவேன். தமிழ் மறந்துவிட்ட பிள்ளை, அங்கே வந்து என்ன செய்வாள் என்றும் எழுதினேன். இவையெல்லாம் எழுதுவதற்கான காரணங்கள். உண்மையான காரணம், எனக்கு அவளை விட மனம் இல்லை. அவளும் போய்விட்டால் இந்தக் கண்டத்தில் என்னை நைனா என்று கூப்பிட ஆள் இல்லை.

தமிழ் மறந்துவிட்டாள் என்று எழுதியது அண்ணிக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சமயத்தில் சாயபுவின் தம்பி தம் குடும்பத்தோடு மேல்நாட்டுக்கு வந்திருந்தார். பங்குனிக் கடைசியில் அவர்கள் கப்பலேறி ஊர் திரும்புகிறார்கள், பெண்ணை அவர்களோடு அனுப்பு என்று அண்ணி தீர்மானமாகச் சொல்லியனுப்பினாள்.

நான் கையைப் பிசைந்துகொண்டிருந்த அந்த வாரத்தில்தான் சங்கம் 'குழந்தைகள் வாழ்த்து' பற்றி முடிவெடுத்தது. ஒவ்வொரு தேசத்திலிருந்தும் ஒரு குழந்தை தன் பாஷையில் வாழ்த்துச் சொல்லும். எல்லா நிலையங்களும் அதை வாங்கிப் போடும். ஏரிக்கரையில் இருக்கிற சிற்றலை நிலையம் அதைக் கடல் கடந்தும் அனுப்பும். இந்தியாவுக்கு ஒரு குழந்தை வேண்டுமே என்று தேடினார்கள். எங்கள் ஆபீஸிலேயே ஓர் இந்தியனும் அவனுக்கு ஒரு பெண்ணும் இருப்பது காரியதரிசிக்கு ஞாபகம் வந்தது. செலவில்லாமல் இந்தியா கிடைத்துவிட்டது.

ஆம்பூரில் சாயபு வீட்டில் ஒரு ரேடியோ உண்டு. மோட்டார் வண்டி பாட்டரியில் ஓடுகிறது. இன்ன நாள், விளக்கு வைத்த பிறகு, ரஞ்சிதம் பேசுவாள், கேளுங்கள் என்று அண்ணனுக்கு ஆகாயத் தபாலில் எழுதினேன். அண்ணியின் பதில் வந்தது.

'சரி, பேசட்டும். அவ தமிழ்ல பேசி நான் காதால கேட்டன்னா, புள்ள நல்லா இருக்குதுன்னு நம்பறேன். உங்கிட்டயே உட்டுடறேன். கேக்கலன்னா சாயபு தம்பி ஏர்ற கப்பல்ல ஏத்திடு.'

எனக்கு இது நியாயமான பேச்சாகவே பட்டது. பெண் என்னோடு இருப்பதும் போவதும் அவள் ரேடியோவில் பேசப்போகிற நாலு வரித் தமிழில் இருந்தது. நான் உட்கார்ந்து அந்த நாலு வரியை எழுதினேன்.

4

'பெரியப்பா, பெரியம்மா, தோத்திரம். நான் ரஞ்சிதம் பேசுகிறேன். நான் நைனாவோடு சௌக்கியமாக இருக்கிறேன். இங்கே பனி கொட்டுகிறது. அங்கே மழை பெய்ததா? பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறதா?'

இதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஒரு தேசத்தின் ஒலிபரப்பு இன்னொரு தேசத்தின் மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்பது சங்கத்தின் விதி. ஆகையால் குழந்தைகளின் வாழ்த்து எல்லாம் கமிட்டிக்குப் போயிற்று. விளக்கம் சொல்வதற்காக என்னையும் மேஜையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

முதலில், எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெரியவர்களுக்குச் சொல்கிற தோத்திரம் போயிற்று. மத சம்பந்தமான சொல் என்றார் ஒருவர். நமஸ்காரம் என்று மாற்றிக்கொடுத்தேன். அது எங்கிருந்து வந்த சொல் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்தது பனி. பனியும் மழையும் வானிலைச் செய்தி, வானிலைச் செய்தி சொல்லும் அதிகாரம் வானிலை இலாகாவுக்கு மட்டுமே உண்டு. அதோடு, பனிக்காலம் முடிகிற நேரத்தில் பனி கொட்டுகிறது என்று உலகத்துக்கெல்லாம் சொன்னால் ஹோட்டல்களுக்கு ஆள் வராது என்று இந்த ஊர்க்காரர் வருத்தப்பட்டார். பனி போயிற்று.

இந்தியா சார்பில் ஒரு துரை உட்கார்ந்திருந்தார். சிம்லாவில் சில கோடைகளைக் கழித்தவர். பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று குழந்தை கேட்பது, பாசன நிர்வாகம் சரியில்லை என்று குறிப்பாகச் சொல்வதாகும் என்றார். ஆற்றைப் பார்த்தவன் என்ற முறையில் நான் பேசாமல் இருந்தேன். இன்னொருவர், அந்த ஆறு எந்த இரண்டு ராஜ்யங்களுக்கு எல்லை என்று விசாரித்தார். எல்லை எதுவும் இல்லை, அது ஓடுவதே அபூர்வம் என்று சொன்னேன். ஆனாலும் ஆறு போயிற்று.

பிறகு தந்தி இலாகாக்களின் ஆலோசகர் எழுந்தார். ஒல்லியானவர், சத்தம் போடாமல் பேசுகிறவர்.

"பெரியம்மா என்பது யார்?"

"என் அண்ணன் மனைவி."

"அதாவது ஒரு குறிப்பிட்ட நபர்."

"ஆமாம்."

"குறிப்பிட்ட நபருக்கு ரேடியோவில் சேதி சொல்ல முடியாது. அது தந்தியின் வேலை. இதில் கேள்வி வேறு கேட்கிறது குழந்தை. கேள்வி கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அது சம்பாஷணை. சம்பாஷணை முழுவதும் தந்தி, தொலைபேசி இலாகாக்களின் சொத்து."

'சகல தேசத்துப் பெரியம்மாக்களே' என்று வைத்துக்கொள்ளலாமா என்றார் இரக்கமுள்ள ஒருவர். அப்படியானால் சித்திகள் என்ன பாவம் செய்தார்கள் என்று தொடங்கி அரை நாள் போயிற்று. என் பாஷையில் எத்தனை விதமான அத்தைமார், சித்திமார் உண்டு என்று பட்டியல் போட்டுச் சொன்னதும் பயந்துபோய் உறவையே எடுத்துவிட்டார்கள்.

மிஞ்சியது 'நைனாவோடு சௌக்கியமாக இருக்கிறேன்' என்பது. அதையாவது விடுவார்கள் என்று நினைத்தேன். குடும்ப வாழ்க்கையில் மிகவும் பற்றுள்ள ஒரு தேசத்தின் பிரதிநிதி, கையில் பேனாவோடு, மிகவும் அன்பாகச் சொன்னார்: "தந்தையைச் சொல்கிற குழந்தை தாயைச் சொல்லவில்லையே. தாய்மையை அவமதிப்பதாக எங்கள் ஜனங்கள் நினைப்பார்கள். தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்கலாமே."

அவள் தாய் இந்த ஊர்க் கல்லறையில் இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு, அப்படியானால் தந்தையையும் விட்டுவிடுவது நல்லது என்று முடிவாயிற்று. கூட்டக் குறிப்பில் 'குமாஸ்தா விளக்கம் அளித்தார்' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அந்த மேஜையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு வந்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. உத்தியோகம் போனால் இந்த ஊரில் தங்கும் உரிமையும் போகும் என்பதால் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

சகல தேசங்களும் ஏகமனதாக ஒப்புக்கொண்ட வாசகம் இது: 'நமஸ்காரம். நான் சௌக்கியம். அனைவரும் சௌக்கியமாக இருப்பார்களாக.'

ரஞ்சிதத்திடம் இதைக் கொண்டுபோய்ச் சொல்லிக்கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்ட முகமே நன்றாக இல்லை.

"பெரியம்மான்னு சொல்லக்கூடாதா?"

"கூடாதாம்."

"அப்ப அவங்ககிட்டதான் பேசறேன்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்?"

இந்தச் சந்தேகம் கமிட்டியில் யாருக்கும் வரவில்லை. தெரிந்துகொள்வார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அந்த நாட்களில் ஓர் அதிசயம் நடந்தது. குழந்தையின் தமிழ் திரும்பி வந்தது. பாத்திரம் கழுவும்போதும், சட்டை மாட்டும்போதும் தானாக வந்து கேட்பாள். பெரியம்மா வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகவா படுப்பார்கள் என்று கேட்பாள். "கூப்ட்டுக்கங்கன்னு சொல்லணுமா, இட்டுக்கினு போங்கன்னு சொல்லணுமா நைனா, எது மரியாதை?" என்று ஒரு நாள் கேட்டாள். பெரியவர்களிடம் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதுதான் அழகு என்று விளக்கினேன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் பெண் தமிழ்ப் பெண்ணாகவே இருக்கிறாள், அண்ணி தோற்றாள் என்று நினைத்துக்கொண்டேன்.

5

நிகழ்ச்சி அன்று பேசுகிற அறையில் ரஞ்சிதத்தை ஒரு பெட்டியின் மேல் நிற்க வைத்தார்கள். அவளுக்கு முன்னால் பேசின குழந்தைகள் தங்கள் தங்கள் ஊரிலிருந்து கம்பி வழியாகப் பேசினார்கள். எல்லாரும் சௌக்கியம். ஒரு தேசத்துக் குழந்தை சௌக்கியம் என்றால் மற்ற தேசத்துக் குழந்தைகளும் அப்படியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வரும் என்று கமிட்டியில் முன்பே பேசியிருந்தார்கள்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதுக்குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் காரியதரிசி நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. ரஞ்சிதம் என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு மைக்கைப் பார்த்தாள்.

"நமஸ்காரம். நான் சௌக்கியம்," என்றாள். அத்துடன் நின்றுவிட்டாள். மறந்துவிட்டாளோ என்று எனக்குப் பதறியது.

"பெரியம்மா, நான் ரஞ்சிதம். என்னை உங்ககிட்ட கூப்ட்டுக்கங்க. இங்க எங்கூட பேச யாரும் இல்ல. பள்ளிக்கூடத்துல யாரும் எம்பக்கத்துல ஒக்கார மாட்றாங்க. நைனா நல்லவருதான். ஆனா நாள் பூரா காதுல மாட்டிக்கினு யார் யாரையோ கேக்கறாரு. நான் சமத்தா இருப்பேன். ஜாஸ்தி சாப்ட மாட்டேன். கூப்ட்டுக்கங்க பெரியம்மா."

பெட்டியிலிருந்து தானே இறங்கிவிட்டாள். விளக்கு அணைந்தது.

காரியதரிசி கொஞ்சம் நெற்றியைச் சுருக்கினார். "நீளமாக இருந்ததோ?"

"எங்கள் பாஷை நீளமானது," என்றேன்.

"தெளிவாகக் கேட்டதா?"

"தெளிவாகக் கேட்டது."

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐரோப்பா முழுவதிலும் எத்தனையோ வீடுகளில் அப்போது என் மகள் பேசியதைக் கேட்டு, என்ன இனிமையான பாஷை என்று சொல்லியிருப்பார்கள். மறுநாள் அப்படிச் சில கடிதங்கள் வந்தும் சேர்ந்தன.

ஏரிக்கரையோடு வீட்டுக்கு நடந்தோம். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்பது எனக்குத் தெரியாது. அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து அவளோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறேன், தெரியாது. எனக்கு அழுகை வந்தது. குளிர் காற்றால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பெரியம்மா எப்ப பதில் போடுவாங்க?" என்றாள்.

"தபால் வரணும்ல," என்றேன். அண்ணி இந்நேரம் கேட்டிருப்பாள், இனி என் கையில் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். ஊரிலிருந்து கடிதம் வந்ததும் கப்பலுக்குச் சொல்ல வேண்டியதுதான். பெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்றுகூட யோசித்தேன்.

6

கடிதம் வந்தது. கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. ரஞ்சிதம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தனியாகப் பிரித்துப் படித்தேன். அண்ணன் நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தார்.

சாயபு வீட்டு முன்வாசலில் ரேடியோவை வைத்துக் கிடங்கு ஆட்கள் எல்லாரையும் உட்கார வைத்தாராம். பொம்பளைகளுக்குத் தனியாகப் பாய் போட்டாராம். ரேடியோவின் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கிடைத்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரி பாடிக்கொண்டிருந்தாளாம். நிறுத்தவே இல்லையாம்.

"இன்னா பேஜாரு இது. அந்தம்மாக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று சாயபு கேட்டாராம்.

"பாட்டுங்க," என்றாராம் அண்ணன்.

"பாட்டா? நம்ம புள்ள எங்க?"

வெள்ளைக்காரி மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் வேறொரு சத்தம் லேசாகக் கேட்டதாம். ஒரு தடவை அவள் நிறுத்தின நேரத்தில், ஒரு குழந்தையின் குரல், 'பெரியம்மா' என்று சுத்தமாக, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போலக் கேட்டதாம். அந்த ஒரு வார்த்தைதான். உடனே வெள்ளைக்காரி மறுபடி பிடித்துக்கொண்டாளாம்.

ஏதோ ஒரு தேசத்து நிலையம் தன் அலையைவிட்டு நகர்ந்து எங்கள் அலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டுக் குறித்துக்கொடுக்க வேண்டிய நான் அன்றைக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். சங்கத்தின் பீரோவில் இதற்கும் ஒரு பணிவான கடிதம் பிறகு சேர்ந்தது.

கடிதத்தின் கடைசியில் அண்ணி பேசியிருந்தாள்.

'கேட்டேன்பா. என்னத்தான் கூப்ட்டா. எவ்ளோ தெளிவா பெரியம்மான்னா. எனக்கு மேல பேச்சே வரல. நாங்க எல்லாரும் அழுதுட்டோம். புள்ளக்கி தமிழும் மறக்கல, உறவும் மறக்கல. நீ நல்லாத்தான் வளக்கற. நான் ஜாஸ்தி பேசிட்டேன், மனசுல வச்சிக்காத. அவ அங்கயே உங்கிட்டயே இருக்கட்டும். கப்பல் கிப்பல் ஒண்ணும் வேணாம்.'

நான் கேட்டது கிடைத்துவிட்டது. தேசங்கள் எல்லாம் சேர்ந்து அடித்துவிட்ட அந்த ஒரு வார்த்தையே எனக்காகப் போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு வந்திருந்தது. குழந்தை சொன்ன மீதியை இந்தப் பூமியில் கேட்டுப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன். ரஞ்சிதத்துக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது. நான் எதைப் படித்துக்காட்டுகிறேனோ அதுதான் கடிதம். மேஜையில் அதை வைத்துக்கொண்டு அவள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பக்கூடாது, ஆனால் கொஞ்சம் இருந்தது.

அவள் வந்ததும் தபாலைப் பார்த்துவிட்டாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

"பெரியம்மாவா?"

ஆமாம் என்று முழுக்கவும் படித்துக்காட்டினேன். ஒரு வரியையும் மாற்றவில்லை. வெள்ளைக்காரி பாடிய இடத்தில் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அங்கேயே இருக்கட்டும் என்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சொன்னது அவங்களுக்குக் கேக்கலையா?"

"ஒரு வார்த்தை கேட்டுதாம். பெரியம்மான்னு."

"மீதி?"

"அந்தம்மா பாடிட்டாங்களாம்."

பையின் வாரைத் திருகினாள்.

"நீங்க கேட்டீங்கல்ல நைனா?"

"கேட்டேன்."

"எல்லாம் கேட்டீங்களா?"

"எல்லாம் கேட்டேன்."

"அப்ப நீங்க எழுதுங்க," என்றாள். "எனக்குத்தான் எழுத வராதே."

எழுதினேன். அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனா போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன், யாரும் பக்கத்தில் உட்காராததை எழுதினேன், நாள் பூராக் காதில் மாட்டிக்கொண்டிருக்கிறவனைப் பற்றி எழுதினேன், கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லி எழுதினேன். முடித்ததும் படித்துக்காட்டச் சொன்னாள். மெதுவாகப் படித்தேன். விரலை நீட்டி நடுவில் நிறுத்தினாள்.

"நைனா நல்லவருதான்னு சொன்னேன்ல, அத உட்டுட்டீங்க. அதையும் எழுதுங்க."